உப்புத்தரைக் காரின் கேஜுக்குக் கையால் இழுக்கும் டியூப் பெண்டர் போதுமா?

‘பைப் பெண்டர்’ என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது 12 டன் ஹைட்ராலிக் வகையைத்தான். நடுவில் ஒரு பாட்டில் ஜாக், இரண்டு பக்கமும் உருளை, பெட்டிக்குள் ஆறேழு டை (டியூப் உட்கார்ந்து வளையும் பள்ளமுள்ள அச்சு). விலையும் கையைக் கடிக்காது. நாலு நண்பர்கள் சேர்ந்து லேண்ட் ஸ்பீட் கார், அதாவது உப்புத்தரையில் உச்ச வேகம் பார்க்க ஓட்டும் கார், கட்டக் கிளம்பினால் பட்டறையில் முதலில் வந்து இறங்குவது அதுவாகத்தான் இருக்கும். கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் டியூப் கூடான ரோல் கேஜுக்கு அது ஆகவே ஆகாது. அதன் டைகள் பைப் அளவுக்குச் செய்தவை. ஒன்றேகால் அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் 42.2 மி.மீ.; கேஜுக்கு வாங்கும் 1.625 அங்குல டியூபின் வெளிவிட்டம் 41.3 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டர் இடம் போதும், டியூப் பக்கவாட்டில் பிதுங்கித் தட்டையாவதற்கு. போதாக்குறைக்கு அந்த ஜாக் டியூபின் நடுவயிற்றில் முட்டித் தள்ளி வளைக்கிறது. வளைவின் உள்பக்கம் மடிந்துவிடும். சைலன்ஸர் கடையில் கொடுத்து வளைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் இதே ரகம். அங்குள்ள பல மெஷின்கள் டியூபை நசுக்கித்தான் வளைக்கும். புகை போக அது போதும். கார் உருளும்போது தலைக்கு மேல் நிற்க அது போதாது.

இங்கே மதிப்பிடுவது வேறு வகை. தரையில் ஊன்றிய தூண், அதன் மேல் ராட்செட் கைப்பிடியால் இழுக்கும் ரோட்டரி டிரா பெண்டர், கூடவே 1.625 அங்குல டை ஒன்று, ஹோல் சா (வட்டமாக வெட்டும் ரம்பம்) மாட்டி டியூபின் முனையைக் குடையும் நாட்சர் ஒன்று. இந்த செட் பல பெயர்களில் விற்கிறது. தகட்டுக் கனமும் பின்களின் தரமும் மாறும், அமைப்பு ஒன்றுதான். டியூபின் நுனியை ஒரு கொக்கி டையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, டை சுழல்கிறது, டியூப் அதன் பள்ளத்துக்குள் இழுபட்டு வளைகிறது. எதிர்ப்பக்கம் ஃபாலோயர் பிளாக் என்ற கட்டை டியூபை அழுத்திக்கொண்டே இருக்கும். வளைகிற இடத்தில் டியூபைச் சுற்றி எல்லாப் பக்கமும் அணைப்பு இருப்பதால் அது எளிதில் நசுங்காது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெண்டர் வாங்கலாம். ஹைட்ராலிக் ரேம் சேர்த்த மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கூட வரும் நாட்சரை நம்ப வேண்டாம்.

ஹைட்ராலிக் ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் இந்தப் பந்தயத்திலேயே இருக்கிறது. டிராக் ரேஸ் காரிலும் ராலி காரிலும் ஒவ்வொரு கிலோவும் எதிரி. அதனால் அங்கே 4130 குரோமோலி என்ற உறுதியான கலப்பு எஃகு டியூபைத் தேடுவார்கள். உப்புத்தரையில் கதை வேறு. அமெரிக்காவின் யூட்டாவில் இருக்கும் பானவில் உப்புத்தரை போன்ற இடத்தில் ஓட்டம் மைல் கணக்கில் நீள்கிறது, வேகம் ஏற நேரம் இருக்கிறது. தடை எடையில் இல்லை, காற்றிலும் உப்பில் சக்கரம் வழுக்குவதிலும்தான் இருக்கிறது. ஈயக் கட்டிகளை வேண்டுமென்றே ஏற்றி ஓட்டும் அணிகள் உண்டு. ஆகவே கேஜுக்கு மைல்ட் ஸ்டீல் டி.ஓ.எம். டியூப் (உள்ளே அச்சு விட்டு இழுத்துச் சீராக்கியது) தாராளமாகப் போதும். பானவில் ஓட்டங்களை நடத்தும் எஸ்.சி.டி.ஏ. அமைப்பின் விதிகளில் கார் கேஜுக்கு வழக்கமாகக் கேட்கும் அளவு 1.625 அங்குல வெளிவிட்டம், 0.120 அங்குலக் கனம், அதாவது 41.3 மி.மீ.க்கு 3.05 மி.மீ. (உங்கள் கார் ஓடும் கிளாஸுக்கு, அதாவது பிரிவுக்கு, அந்த ஆண்டு விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே டை ஆர்டர் செய்யுங்கள்.) மீட்டருக்கு ஏறத்தாழ 2.9 கிலோ. 15 மீட்டர் போனாலும் 43 கிலோதான். இந்த டியூபைக் கையால் வளைக்க முடியும். குரோமோலி அப்படியல்ல, முறுக்கிக்கொண்டு நிற்கும், விட்டதும் நிறையத் திரும்பும். அதைத்தான் எடுப்போம் என்பவர்களுக்கு ஹைட்ராலிக் தேவை.

டை வாங்கும்போது கேட்க வேண்டிய எண் ஒன்று உண்டு: வளைவின் மையக்கோட்டு ஆரம். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி அது டியூபின் விட்டத்தைப் போல் குறைந்தது 3 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது, 41.3 மி.மீ. டியூபுக்கு 124 மி.மீ. வருகிறது. நான்கரை அங்குல டை, அதாவது 114 மி.மீ., அழகான இறுக்கமான வளைவு தரும், கணக்கில் தோற்கும். 6 அங்குல டை, 152.4 மி.மீ., பாதுகாப்பான தேர்வு. அதைவிடப் பெரிதாகப் போனால் ஒடுங்கிய காருக்குள் கேஜின் தோள்பட்டை அடங்காது.

ஒடுங்கிய கார் என்பது சும்மா அழகுக்காக அல்ல. 1946-இல் அமெரிக்கக் கார் கட்டுநர் பில் பர்க் போர் விமானத்தின் கழற்றிவிடும் எரிபொருள் தொட்டியையே காரின் உடலாக்கினார். லேக்ஸ்டர் என்ற வகை அன்றிலிருந்து இன்றுவரை அதே வழியில்தான் போகிறது: ஆளைச் சுற்றிக் கேஜ், கேஜை ஒட்டித் தகடு, வேறு இடம் இல்லை. கேஜ் 60 மி.மீ. அகலமாகிவிட்டது, உயரம் 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்பரப்பு 0.054 சதுர மீட்டர் கூடுகிறது. காற்றுத்தடைக் கெழு 0.2 என்றால், உப்புத்தரையின் மெல்லிய காற்றில் மணிக்கு 200 மைல் வேகத்துக்கு இந்த ஒரு பிசகு மட்டும் 5 குதிரைத்திறனைத் தின்னும். 300 மைலுக்கு 17. வேகத்தின் கன மடங்கில் சக்தி கேட்கிற விளையாட்டு இது. எஞ்சினில் 17 குதிரைத்திறன் தேடி அலைகிறவர்கள் பெண்டரில் வளைவுக் கோணம் காட்டும் டிகிரி வளையத்தை இரண்டு முறை பார்க்கலாம்.

பொருத்துவதில் வரும் தொல்லையைப் பெட்டியோடு வரும் தாள் சரியாகச் சொல்வதில்லை. தூணைத் தரையில் நாலு 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் பிடிக்க வேண்டும். கான்கிரீட் 100 மி.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். பலகையில் திருகி, அதன் மேல் இரண்டு பேர் ஏறி நின்றால் போதும் என்பார்கள். முதல் 30 டிகிரிவரை போதும். அதற்குமேல் தூண் ஆடும், ஆடும் தூணில் டிகிரி முள் காட்டுவது பொய். கைப்பிடி ஒன்றரை மீட்டர் இருக்கிறது, அது சுற்றி வர இடம் வேண்டும், டியூபின் வளைந்த கால் சுற்றி வர அதைவிட அதிக இடம் வேண்டும். மூன்று மீட்டர் ஆரத்துக்கு எதுவும் இல்லாமல் ஒதுக்குங்கள். சிலிண்டர் டிராலியை முக்கியமாக.

ஒரு இழுப்புக்கு, மாடலைப் பொறுத்து, 10 முதல் 15 டிகிரி வரும். பிறகு டிரைவ் பின்னை அடுத்த ஓட்டைக்கு மாற்றி மறுபடி இழுக்க வேண்டும். 3 மி.மீ. கனத்துக்கு ஒருவர் இழுக்கலாம், ஆனால் ஒரே சீராக இழுக்க இரண்டு பேர் நல்லது. மூன்றாவது ஆள் முள்ளைப் பார்க்க. திரும்பல் தடுக்கும் பல் சரியாக விழுந்ததா என்று காதால் கேட்டு உறுதி செய்யாமல் கையை எடுத்தால் கைப்பிடி பின்னால் அடிக்கும். முகவாய் அதன் உயரத்தில்தான் இருக்கிறது.

கிரீஸ் விஷயத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். ஃபாலோயர் பிளாக்கின் பள்ளத்துக்கு மட்டும்தான் கிரீஸ். அது டியூபின் மேல் வழுக்க வேண்டும். டையின் பள்ளமும் கொக்கியும் துடைத்துக் காய்ந்து இருக்க வேண்டும். அவை பிடிக்க வேண்டியவை. டி.ஓ.எம். டியூப் எண்ணெய் பூசித்தான் வரும், அதை முதலில் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். கொக்கி வழுக்கியதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: கொக்கி உட்கார்ந்த இடத்திலிருந்து வளைவு நோக்கிப் பளபளவென்று ஒரு கீறல் ஓடும். அந்தக் கீறல் எத்தனை மி.மீ. நீளமோ அத்தனை மி.மீ. உங்கள் வளைவு இடம் தவறிவிட்டது.

இனி கணக்கு. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் மெயின் ஹூப்பை எடுத்துக்கொள்வோம். மையத்துக்கு மையம் அகலம் 700 மி.மீ., உயரம் 1000 மி.மீ., மேலே இரண்டு 90 டிகிரி வளைவு, டை 152.4 மி.மீ. கூர்மூலை என்று எண்ணிக் கூட்டினால் 2700 மி.மீ. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு பக்கமும் 152.4 கழித்து, வளைவின் நீளம் 239.4 சேர்க்க வேண்டும், மூலைக்கு 65.4 குறைகிறது. ஆக 2569.2 மி.மீ. ஒரு முனையிலிருந்து அளந்தால் முதல் வளைவு 847.6-இல் தொடங்கி 1087-இல் முடியும், நடுவே 395.2 நேர்த்துண்டு; இரண்டாவது 1482.2-இல் தொடங்கும். தாளில் இது சரி. இழுபடும்போது டியூப் கொஞ்சம் நீளும் என்பதால் நிஜத்தில் ஓரிரு மி.மீ. கூடுதலாக வரும். இரண்டு முனையிலும் 50 மி.மீ. விட்டு வெட்டி, வளைத்த பிறகு அளந்து அறுப்பதுதான் ஒழுங்கு.

டையில் வளைவு எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதை நம்புவதற்கு முன் ஒரு மீட்டர் துண்டு ஒன்றைச் சோதனைக்குச் செலவழியுங்கள். மார்க்கரால் கோடு போட்டு, அதை டையின் கோட்டோடு சேர்த்து, 90 டிகிரி வளைத்து, எந்த இடத்தில் டியூப் நேர்க்கோட்டை விட்டு விலகுகிறது என்று நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள். கிடைத்த வித்தியாசத்தை டையின் மேலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள். விட்டதும் டியூப் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதே துண்டு சொல்லிவிடும்: மைல்ட் டி.ஓ.எம்.-இல் 90 வேண்டுமானால் முள்ளை 92 முதல் 94 வரை கொண்டுபோக வேண்டியிருக்கும். பின்களின் ஆட்டம் தீர்ந்து டியூப் இறுகிய பிறகுதான் முள்ளைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். ஆட்டத்தையும் சேர்த்து எண்ணினால் எல்லா வளைவும் ஓரிரு டிகிரி குறைவாகவே வரும், காரணமும் பிடிபடாது. புது டியூப் வந்தால் புது சோதனைத் துண்டு. ஒரு கட்டுக்குச் சொன்ன எண் அடுத்த கட்டுக்குப் பொருந்தும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

ஹூப்பைக் கெடுக்கும் இன்னொன்று தள விலகல். இரண்டாவது வளைவுக்கு டியூபைத் திருப்பி மாட்டும்போது முதல் கால் ஒரு டிகிரி மேலே நின்றால், ஒரு மீட்டர் காலின் நுனியில் 17 மி.மீ. விலகும். தரையில் படுக்க வைத்தால் விசிறி இறக்கை மாதிரி ஆடும். முதல் காலின் மேல் காந்த டிஜிட்டல் கோணமானி, தூணின் தலையில் ரசமட்டம். இரண்டும் ஒத்துப் போன பிறகு இழுங்கள். செட்டில் கோணமானி வருவதில்லை, வர வேண்டும்.

தயாரான வளைவைப் பார்த்தால் வேலை எப்படி நடந்தது என்று டியூபே சொல்லும். டியூபின் மேல் ஆலை அச்சிட்ட எழுத்துகள் வளைவின் வெளிப்பக்கம் விழுந்திருந்தால் நீண்டு அகலும். உள்பக்கம் விழுந்தவை நெருங்கி ஒட்டும். கணக்கும் அதையே சொல்கிறது: 152.4 ஆரத்தில் வெளிச்சுவர் 3.05-இலிருந்து ஏறத்தாழ 2.7-ஆக மெலிகிறது, உள்சுவர் 3.5-ஆகத் தடிக்கிறது. இது இயல்பு, பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது வட்டம் எவ்வளவு கெட்டது என்பதை. வளைவின் நடுவில் வெர்னியரை இரண்டு திசையிலும் வைத்து, சிறிய விட்டத்தைப் பெரியதால் வகுத்தால் எஃப்.ஐ.ஏ. கணக்குப்படி 0.9 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். 40-க்கு 42 என்றால் 0.95, நிம்மதி. 38.5-க்கு 43.5 என்றால் 0.885, அந்தத் துண்டு மேசைக்காலாகப் போகட்டும். பொருத்தமான டையில், டி.ஓ.எம். டியூபில், இந்த வகை பெண்டர் 0.9-ஐச் சுலபமாகத் தாண்டுகிறது. இதற்காகத்தான் காசு கொடுக்கிறோம். உள்பக்கம் சிற்றலை போலச் சுருக்கம் தெரிந்தால் மூன்றில் ஒன்று: ஃபாலோயர் தேய்ந்திருக்கிறது, டியூப் டைக்குச் சிறியது, அல்லது கனம் போதவில்லை. 42.4 மி.மீ. மெட்ரிக் டியூப்தான் கிடைக்கிறது என்ற ஊரில் 1.625 அங்குல டை வாங்கினால் அது பள்ளத்துக்குள் இறங்கவே இறங்காது; அரைத்து இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கிரைண்டரை ஒளித்து வையுங்கள். சாதாரண இ.ஆர்.டபிள்யூ. டியூபானால் (தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் பற்றவைத்தது) வெல்டு தையல் வளைவின் வெளியிலும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம். நீளாத, சுருங்காத பக்கவாட்டில் வரும்படி மாட்ட வேண்டும்.

நாட்சருக்கு வருவோம். மீன்வாய் மாதிரி டியூபின் முனையைக் குடைந்து இன்னொரு டியூபின் மேல் உட்கார வைக்கும் கருவி. யோசனை நல்லது, செய்தது மோசம். கூட வரும் அச்சு வெண்கல புஷ்ஷில் ஓடுகிறது, ஆனால் புதிதிலேயே லேசான ஆட்டம் இருக்கும். பத்துப் பதினைந்து வெட்டில் அது கண்ணுக்குத் தெரியும் அளவு பெருகிவிடும். ஆடுகிற ஹோல் சா டியூபின் விளிம்பில் ஏறும்போது பல் உடையும். பைமெட்டல் ஹோல் சா, 150 முதல் 200 சுற்று, கட்டிங் ஆயில் தாராளமாக. கை டிரில்லை முழு வேகத்தில் விட்டால் பல் நீலமாகிச் சாகும். கோணமும் ஒரு தடை. சாதாரண ஹோல் சாவின் வெட்டு ஆழம் 40 மி.மீ. சுற்றித்தான், 90 டிகிரி இணைப்புக்கே 41 வேண்டும், 45 டிகிரிக்கு 58. கேஜின் குறுக்குச் சட்டங்கள் எல்லாம் சாய்ந்தவை, ஆகவே ஆழமான ஹோல் சாவைத் தனியாக வாங்க வேண்டும், அல்லது பாதியில் நிறுத்தி ஹேக்சாவால் முடிக்க வேண்டும். மையம் அரை மில்லிமீட்டர் தவறினாலும் குடைந்த முனையின் இரு பக்க நுனிகளில் ஒரு காது நீளம், ஒரு காது குட்டை.

அதற்குப் பதில்: காகித அச்சு. கோணமும் விட்டமும் கனமும் கொடுத்தால் வெட்டுக்கோட்டைத் தாளில் அச்சிட்டுத் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. தாளை டியூபில் சுற்றி, கோடு கிழித்து, கிரைண்டரில் 1 மி.மீ. டிஸ்க்கால் வெட்டி, அரைவட்ட அரத்தால் முடிப்பது. இணைப்புக்குக் கால் மணி நேரம் ஆகும். ஆனால் வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தால் கீற்று தெரியாத அளவுக்கு வரும். டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையால், ஆர்கான் வாயு சூழ உருக்கி ஒட்டும் முறை) இடைவெளி 1.5 மி.மீ. தாண்டினால் கம்பியைக் கொட்டி நிரப்ப வேண்டியிருக்கும். அந்த வெல்டு குளிரும்போது டியூபைத் தன் பக்கம் இழுக்கும், நீங்கள் டிகிரி டிகிரியாகப் பார்த்து வளைத்த ஹூப் சாய்ந்துவிடும். காதுகளின் கத்திமுனையை ஒன்றிரண்டு மி.மீ. மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வெல்டிங் ஆர்க் பட்டதும் உருகி ஓடும். மற்றதெல்லாம் வழக்கம்போல: 2.4 மி.மீ. டங்ஸ்டன், 120 ஆம்பியர் சுற்றி, ஆர்கான் நிமிடத்துக்கு 7 முதல் 9 லிட்டர், ஈ.ஆர். 70 எஸ்-2 கம்பி, நாலு பக்கமும் டேக் (சிறு புள்ளி வெல்டு) அடித்த பிறகே முழு ஓட்டம்.

நீடித்த உழைப்பில் முதலில் தேய்வது டிரைவ் பின்கள். கடினப்படுத்தாத பின் வந்தால் சில ஹூப்பிலேயே உடம்பில் பள்ளம் விழும். லேத்காரரிடம் கொடுத்து நல்ல ஸ்டீலில் கடைந்து, வெப்பச் சிகிச்சை செய்து வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். டிகிரி வளையத்தின் சிறு திருகு தளர்ந்து வளையம் நழுவும். ஒரு சொட்டு லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட்டால் தீர்ந்தது. டையும் தகடுகளும் ஆயுசுக்கு இருக்கும்.

பழையது வாங்குகிறவர்கள் கையில் அரை மீட்டர் 41.3 டியூபை எடுத்துக்கொண்டு போகலாம். டையின் பள்ளத்தில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்: அசைந்தால் அது பைப் டை. அசையவில்லை என்றால் ஃபாலோயரை எடுத்து அதே டியூபின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பள்ளத்தின் நடுவில் கீற்று தெரிகிறதா, ஓரத்தில் தெரிகிறதா என்று கவனியுங்கள். நடுவில் தெரிந்தால் ஃபாலோயர் தேய்ந்துவிட்டது. அதன் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.